திருகோணமலையில் காந்தமானி: எந்த ஆள்கூறு?

கேள்வி: நிலாவெளியில் காந்தமானி வைத்து அயனமண்டல மின்னோட்டத்தை ஆராய்கிறேன், இறுதியாண்டு ஆய்வு. புவியியல் வடக்கா, காந்த வடக்கா, 'திருத்திய காந்த ஆள்கூறா' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓர் இடத்தில் காசு கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், பிள்ளை. நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள்: கருவியின் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்.

அச்சுக்காகத் தலையை உடைக்க வேண்டாம். திருகோணமலையில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 2 பாகைதான் மேற்கே விலகுகிறது. நண்பகலில் காந்தப்புலத்தின் வடக்குக் கூறு 100 நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) ஏறினால், எந்த வடக்கிலும் அது 100தான். கிழக்குக் கூறுதான் 3, 4 நானோடெஸ்லா மாறும். எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், போதும்.

வினை இடத்தில்தான். நீங்கள் ஆராயும் மின்னோட்டம், அதாவது பகலில் 105 முதல் 110 கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் மின்தாரை, புவி நடுக்கோட்டைப் பின்பற்றுவதில்லை. காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோட்டின் வழியே போகிறது. பெருவின் உவான்காயோ தெற்கே 12 பாகை, நாம் வடக்கே எட்டரை. வரைபடத்தில் இருபது பாகை தூரம், ஆனால் இரண்டும் அந்தத் தாரையின் கீழ்தான். ஆகவே அகலாங்கை, அந்தக் காந்தக் கோட்டை ஒட்டி அளக்கும் குவாசி-டைபோல் முறையில் எடுங்கள். மென்பொருள் இலவசம்.

மென்பொருள் உயரம் கேட்கும். பூச்சியம் போடாதீர்கள், 110 போடுங்கள். நீங்கள் தரையில் நின்றாலும் மின்னோட்டம் மேலேதான் ஓடுகிறது. இதைப் பத்துத் தடவை சொன்னாலும் பூச்சியத்தோடுதான் ஆய்வேடு வருகிறது.

அந்தத் திருத்திய ஆள்கூறு துருவப் பக்கத்துக்கு நல்லது. அது காந்தப்புலக் கோடு உயரே ஏறி, புவியை ஒரு சட்டக் காந்தமாக எண்ணினால் அதன் நடுவே வரும் தளத்தை அடைவதை வைத்துக் கணிக்கிறது. நம் ஊரில் கோடு கிடையாகக் கிடந்து இரு பக்கமும் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கணிக்க எதுவும் இல்லை. காசு வாங்குபவர் கோப்பில் நம் ஊருக்கு எண் இருந்தால், அது கணிக்க முடியாத ஓட்டையை அடைக்கப் போட்ட எண். ஆய்வேட்டுப் படிவத்தில் அகலாங்கு, நெட்டாங்குக்கு இரண்டே பெட்டிதான். அதையும் மாற்ற மாட்டார்கள். புவியியல் எண்ணை அங்கே போட்டு, குவாசி-டைபோல் எண்ணை அட்டவணையில் சேருங்கள்.

அப்புறம், கீழ்நோக்கிய கூறை இந்த ஆய்வுக்கு நம்பாதீர்கள். பக்கத்துக் கடலில் தூண்டப்படும் மின்னோட்டம் அதைக் கெடுக்கும். வடக்குக் கூறில் திடீர்த் துள்ளல் தெரிந்தால், வானத்தைப் பார்க்குமுன் வாசலில் ஓட்டோ நிற்கிறதா என்று பாருங்கள்.