இரண்டு தடவை போன ஃபைல்

அன்புள்ள அண்ணா,

எங்கள் ஆபீசில் வெப்மெத்தட்ஸ் இன்டக்ரேஷன் சர்வர் (ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கொண்டுபோகும் மென்பொருள்) இரண்டு, கிளஸ்டரில், அதாவது ஒரே குழுவாக, ஓடுகின்றன. ராத்திரி 2 மணிக்கு வங்கிக்குப் போகும் பேமென்ட் ஃபைல் போன வாரம் இரண்டு தடவை போய்விட்டது. ஒரு சர்வரில் ஷெட்யூலரை (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைப்பது) நிறுத்திவிடு என்கிறார் மேனேஜர். கிளஸ்டர் போட்ட பிறகும் ஏன் இப்படி?

செ., பெல்லந்தூர், பெங்களூரு

அன்புள்ள செ.,

மேனேஜர் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஷெட்யூலர் இருக்கும் அந்த ஒரு சர்வர் என்றைக்குப் படுக்கிறதோ அன்றைக்கு ஃபைல் ஒரு தடவைகூடப் போகாது, அப்புறம் எதற்கு இரண்டு சர்வர்?

முதலில் டாஸ்க்கைத் திறந்து, அது எந்த சர்வருக்கு என்று பாருங்கள். ‘எனி சர்வர்’ என்றால் கிளஸ்டரில் யாராவது ஒருவர் ஓட்டுவார், ‘ஆல் சர்வர்ஸ்’ என்றால் எல்லோரும். ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வைத்திருக்கும் கேஷை (தற்காலிக நகலை)த் துடைப்பது மாதிரி வேலைக்குத்தான் இரண்டாவது. அதில் தப்பில்லை என்றால், இரண்டு சர்வரும் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கின்றனவா என்று பாருங்கள்.

நான் குடியிருக்கும் பொம்மனஹள்ளி அபார்ட்மென்டில் மோட்டார் ரூம் சுவரில் ஒரு சிலேட்டு தொங்கும். வாட்ச்மேன் இரண்டு பேர். முதலில் போகிறவர் நேரத்தை எழுதிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார், அடுத்து வருபவர் சிலேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆளுக்கொரு சிலேட்டு வைத்திருந்தால் டேங்க் வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர்தான். உங்கள் சர்வர்களுக்கு அந்த டேட்டாபேஸ்தான் சிலேட்டு. குவார்ட்ஸ் என்ற ஜாவா ஷெட்யூலரிலும் இதே கதை: பூட்டுக்கென்றே ஒரு டேபிள், அதில் வரியைப் பூட்டிக்கொண்ட நோடுதான் (குழுவில் உள்ள சர்வர்) அடுத்த ஜாபை எடுக்கும். மியூல் என்ற இன்னொரு இன்டக்ரேஷன் மென்பொருளில் பிரைமரி நோடு மட்டும் ஷெட்யூலரை ஓட்டும், அது விழுந்தால் இன்னொன்று பிரைமரி ஆகும்.

சிலேட்டு ஒன்றாக இருந்தாலும் கடிகாரம் இரண்டாக இருந்தால் போச்சு. நோடுகளின் நேரம் ஒரு நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று குவார்ட்ஸ் ஆவணமே சொல்கிறது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நோடின் நேரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடியது. பக்கத்து நோடு ரொம்ப நேரமாக ஹாஜர் போடவில்லை, செத்துவிட்டது என்று அதுவே முடிவு கட்டிக்கொண்டு, ரெகவரி (செத்த நோடின் ஜாபை இன்னொன்று மறுபடி ஓட்டுவது) வேறு போட்டிருந்தோமா, உயிரோடு ஓடிக்கொண்டிருந்த ஜாபைத் தானும் எடுத்து ஓட்டியது. மூன்று ராத்திரி சர்வர் எழுதிவைத்த லாகை மேய்ந்தோம். கடைசியில் இரண்டு டெர்மினலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தைக் காட்டும் ‘டேட்’ கமாண்டை அடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஃபைல் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ‘முடிந்தது’ என்று குறிப்பதற்குள் சர்வர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்து இன்னொரு சர்வர் மறுபடி அனுப்பலாம், அதை எந்த கிளஸ்டரும் தடுக்காது. ஆகவே ஒவ்வொரு ஃபைலின் பேட்ச் நம்பரை, ஒரே நம்பர் இரண்டாம் தடவை நுழைய முடியாதபடி, உங்கள் டேபிளில் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ‘அனுப்பப்போகிறேன்’, அனுப்பிய பிறகு ‘அனுப்பியாச்சு’. முன்னதிலேயே நிற்கும் பேட்சைத் தானாக மறுபடி அனுப்ப விடாதீர்கள், வங்கியிலிருந்து ஒப்புகை வந்ததா என்று ஒரு ஆள் பார்க்கட்டும்.

ஆமாம், அந்த இரண்டாவது ஃபைலை வங்கி திருப்பிவிட்டதா, இல்லை பணமும் இரண்டு தடவை போய்விட்டதா? அதை எழுதவே இல்லையே நீங்கள்.