கடைக் கணக்கு ஒரே திரையில்

கேள்வி: மூன்று துணிக்கடைகள் நடத்துகிறோம். தினசரி விற்பனைக் கணக்கு வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், கூகுள் ஃபார்ம்ஸும் ஷீட்ஸும் போதும். கடை, ரொக்கமாக வந்தது, யுபிஐயில் வந்தது என்று மூன்றே கேள்விகளோடு ஒரு படிவம் போட்டு லிங்க்கைக் கடைகளுக்கு அனுப்பிவிடுங்கள். படிவத்தை ஒரு ஷீட்டோடு இணைத்துவிட்டால், அவர்கள் நிரப்ப நிரப்ப, தேதி நேரத்தோடு ஷீட்டில் வரிசையாக வந்து விழும். கடைப் பெயரை மட்டும் டைப் செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள், இல்லையென்றால் ஒரே கடை நாலு விதமான எழுத்தில் நாலு கடையாகிவிடும் (பட்டவன் சொல்கிறேன்). அப்புறம் அதே கோப்பில் தனித் தாளில் ஒரு பிவட் டேபிள் (கடைவாரியாகக் கூட்டிக் காட்டும் அட்டவணை), ஒரு சார்ட், அவ்வளவுதான். பகிரும்போதுதான் ஜாக்கிரதை: பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட கோப்பை நகலெடுத்தால் நீங்கள் மறைத்துவைத்த தாளும் தெரிந்துவிடும். லாபக் கணக்கை வேறு கோப்பில் வையுங்கள்.