மாசசூசெட்ஸில் தூண்டில் போடும் முன்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நாகப்பட்டினத்திலிருந்து வந்து ஐந்து மாதங்களே ஆகின்றன என்றும், ஷ்ரூஸ்பரியில் குயின்சிகமண்ட் ஏரிக்கு அருகே குடியிருக்கிறீர்கள் என்றும், காற்றடைக்கும் சிறு படகு ஒன்றையும் அதற்குப் பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவருக்கு மீன்பிடித்ததற்காக அபராதம் விழுந்ததையும், இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த அதிகாரி ஒருவர் அவருடைய மீன் வாளியைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்ததையும் கேள்விப்பட்டுத் தயங்குகிறீர்கள். சுற்றுச்சூழல் காவலர் என்பவர் யார், அவரிடம் சிக்கினால் குடிவரவு விஷயங்களில் தொல்லை வருமா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போகலாமா என்பவை உங்கள் கேள்விகள். இந்த மாநிலத்தில் 22 ஆண்டுகளாகத் தூண்டில் பிடிப்பவன், அதில் ஒரு முறை அபராதமும் கட்டியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில், அவரைப் பூங்காக் காவலாளி என்று எண்ணிவிடாதீர்கள். மாசசூசெட்ஸ் சுற்றுச்சூழல் காவல்துறை மாநில அரசின் எரிசக்தி, சுற்றுச்சூழல் துறைச் செயலகத்தின் கீழ் இயங்குவது. அதன் அதிகாரிகள் கைது செய்யும் அதிகாரமுள்ள முழுமையான போலீஸ்காரர்கள். மீன்பிடிப்பு, வேட்டை, படகோட்டம், பனியில் ஓட்டும் வண்டிகள் என வீட்டுக்கு வெளியே மனிதர்கள் பொழுதுபோக்கும் பெரும்பாலான இடங்கள் அவர்களுடைய வட்டத்துக்குள் வருகின்றன. ஏரிகளிலும் அவர்களைக் காணலாம், கடலிலும் காணலாம். மத்திய அரசின் மீன்வளச் சட்டங்களை நிறைவேற்றும் பொறுப்பில் ஒரு பகுதியும் ஒப்பந்தத்தின் பேரில் அவர்களிடம் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் 'கேம் வார்டன்' என்றே அவர்களைக் குறிப்பிடுவார்கள்.

உங்களுக்குப் புதிதாகத் தோன்றப்போவது துப்பாக்கி அன்று. கட்டுப்பாடு எதன்மேல் விழுகிறது என்பதுதான். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்றால் விசைப்படகுகள் மொத்தமாகக் கரையேறி நிற்கும். எந்த வலை கூடும், எது கூடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசும். அங்கே விதி படகின்மீதும் வலையின்மீதும் இருக்கிறது; தூண்டில் போட்டு நாலு மீன் பிடிப்பவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இங்கே விதி ஒவ்வொரு மீனின்மீதும் இருக்கிறது. வாளிக்குள் இருக்கும் மீன் என்ன இனம், எத்தனை அங்குலம், எத்தனையாவது மீன், எந்த மாதத்தில் பிடித்தது என்பதெல்லாம் உங்கள் தனிப்பட்ட பொறுப்பு. எல்லாரும்தானே பிடிக்கிறார்கள் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது 2013-இல், கேப் காட் கால்வாயில். ஏறத்தாழ ஏழு மைல் நீளமுள்ள அந்தக் கால்வாயின் இரு கரைகளிலும் பாறைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் நீர் ஆற்றுவெள்ளம்போல ஓடும். விடியற்காலையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் மீன் ஒன்று எனக்கு மாட்டியது. வெள்ளி உடம்பில் கருங்கோடுகள் ஓடும், கொடுவாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன்போலத் தோற்றமளிக்கும் மீன் அது. அப்போது குறைந்தபட்ச அளவு 28 அங்குலம். தையற்காரரின் துணி நாடா ஒன்று என்னிடம் இருந்தது. மீனின் வயிற்று வளைவின் மேலாக நாடாவை ஓட்டி, 28 சொச்சம் என்று கண்டு மகிழ்ந்து, பெட்டிக்குள் பனிக்கட்டி போட்டு மூடினேன். அரை மணி நேரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார், உரிமத்தைக் கேட்டார், பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவர் கையில் ஓரத்தில் தடுப்பு வைத்த தட்டைப் பலகை ஒன்று இருந்தது. மீனின் வாயை மூடி மூக்கைத் தடுப்பில் முட்டவைத்து, வாலின் இரு நுனிகளையும் விரல்களால் சேர்த்துப் பிடித்தார். 27 அங்குலமும் ஒரு காலும். வளைவில் ஓடிய என் நாடா முக்கால் அங்குலத்துக்கு மேல் எனக்குப் பரிசாகக் கொடுத்திருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை, என் விளக்கத்தையும் முழுவதுமாகக் கேட்டார், பிறகு அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பாறையில் நின்றவரிடம் போனார்.

அன்றைக்கு என் பக்கத்தில் 40 அங்குல மீனைத் தோளில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இன்று அந்த மீனை வைத்திருந்தால் அவருக்குத்தான் அபராதம் விழும். 2020-இல் இந்த மீனுக்கு 35 அங்குலம் என்ற மேல்வரம்பு வந்தது. 2023-இல் அது 31 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தை எட்டாமலும் இருக்கும் மீன் ஒன்றை மட்டுமே ஒரு நாளில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். பெரிய பெண் மீன்களே மிகுதியாகச் சினை வைப்பவை. இந்த இனத்தின் முக்கிய நாற்றங்காலான செசபீக் விரிகுடாவில் 2019 முதல் குஞ்சு பொரிப்பு மோசமாக இருப்பதால் தாய் மீன்களை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. கரையிலிருந்தோ சொந்தப் படகிலிருந்தோ இயற்கை இரை போட்டு இதைப் பிடிப்பவர்கள், குடலில் குத்தாமல் வாயோரத்தில் மாட்டும் வட்ட முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். படகிலேயே துண்டு போட்டுவிடவும் கூடாது. வெட்டிய மீனை எப்படி அளப்பது?

அதிகாரி வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அவர் தொலைவிலிருந்து சிறிது நேரம் கவனித்துவிட்டுத்தான் வருவார். எனவே அவரைக் கண்டதும் மீனைத் தண்ணீரில் வீசுவது, பையைப் பாறை இடுக்கில் செருகுவது போன்ற வேலைகள் சிறிய பிழையைப் பெரிய குற்றமாக்கிவிடும். மீன் நறுக்கும் கத்தி எங்கே இருக்கிறது என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். உரிமத்தைக் காட்டுங்கள், பெட்டியைத் திறந்து காட்டுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மரியாதை என்று நினைத்து மீனையோ பணத்தையோ நீட்டிவிடாதீர்கள். நம்மவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு "இரண்டு மீன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்போய், அது லஞ்சமாகப் பொருள்படும் என்பதை உணர்ந்து வெலவெலத்துப்போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

குடிவரவு பற்றிய அச்சத்துக்கு என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், கைது செய்யப்பட்டதுண்டா என்பதோடு, காவல் அதிகாரி எவராவது உங்களுக்குக் குற்றச்சீட்டு வழங்கியதுண்டா என்றும் கேட்கிறார்கள். சுற்றுச்சூழல் காவலரும் காவல் அதிகாரியே என்பதால் "ஆம்" என்று எழுதி, அபராதம் கட்டிய ரசீதையும் எடுத்துப் போனேன். நேர்காணல் செய்த பெண்மணி முக்கால் அங்குலம் குறைந்த மீனின் கதையைக் கேட்டு, "பெரிய மீனா?" என்று மட்டும் விசாரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சீட்டு வந்தால் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். ரசீதைக் கடவுச்சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள். கட்டாமல் விட்ட சீட்டும் மறைத்த பதிலும்தான் பின்னாளில் தொந்தரவு தருபவை.

உரிமம் இரண்டு வகைப்படும். ஏரி, குளம், ஆறுகளுக்கு 15 வயதிலிருந்து நன்னீர் உரிமம் தேவை. 15 முதல் 17 வரை உள்ளவர்களுக்கு அது இலவசம். கடலுக்கு 16 வயதிலிருந்து தனி அனுமதிச்சீட்டு. உங்கள் சிறு பிள்ளைகளுக்கு எதுவும் வேண்டாம். உங்களுக்கும், தூண்டிலைக் கையில் பிடிக்கப்போவதாக இருந்தால் உங்கள் மனைவிக்கும் வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே வாங்கலாம். இரண்டும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிடும் என்பதால் நவம்பரில் வாங்குவது வீண்செலவு.

ஊரிலிருந்து தூண்டில் சாமான்களைக் கொண்டுவந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? அவற்றில் ஈயக்குண்டுகள் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு அவுன்சுக்கும் குறைந்த எடையுள்ள ஈயக்குண்டுகளை உள்நாட்டு நீர்நிலைகளில் பயன்படுத்த 2012 முதல் தடை இருக்கிறது. லூன் என்னும் நீர்ப்பறவை அடியில் கிடக்கும் சிறு குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி, ஈய நஞ்சேறிச் செத்துப்போவதுதான் காரணம். வெள்ளீயம், எஃகு, டங்ஸ்டன் குண்டுகள் கடையில் கிடைக்கின்றன.

இனி உங்கள் படகு. காற்றடைத்த பொம்மைப் படகுதானே என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் பேட்டரி மோட்டாரைப் பொருத்திய அடுத்த கணமே சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் படகாகிவிடுகிறது. பதிவு செய்யாமல் ஏரியில் இறக்கக் கூடாது. பதிவு செய்து தருவதும் இதே சுற்றுச்சூழல் காவல்துறைதான். இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் அந்தப் பதிவின் எண் 'எம்எஸ்' என்ற எழுத்துகளோடு தொடங்கும். அதை மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில் முகப்பின் இரு பக்கங்களிலும் இட வேண்டும். துடுப்பு மட்டும் போட்டு ஓட்டினால் இந்தக் கவலை இல்லை. முதல் கோடையில் அப்படியே ஓட்டிப் பாருங்கள் என்பதே என் யோசனை.

அதோடு, ஆளுநர் மோரா ஹீலி 2025 ஜனவரியில் கையெழுத்திட்ட ஹேன்சன்-மிலோன் சட்டம் மோட்டார் படகு ஓட்டுபவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 1989 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்களுக்கு 2026 ஏப்ரல் 1 முதலும், அதற்கு முன் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு 2028 ஏப்ரல் 1 முதலும் இது கட்டாயம். உங்கள் வயதை எழுதவில்லை; எழுத்தின் வேகத்தைப் பார்த்தால் முதல் வகையில்தான் வருவீர்கள் என்று தோன்றுகிறது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பும் சாலையில் உள்ளதேதான், இரத்தத்தில் மது 0.08 சதவீதம்.

உயிர்காப்பு உடை விஷயத்தில் மட்டும் சட்டம் சொல்வதற்கு மேலேயே செய்யுங்கள். படகில் எத்தனை பேரோ அத்தனை உடைகள் இருக்க வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும். கயாக், கேனோ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளை ஓட்டுபவர்கள் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை எந்த வயதானாலும் அணிய வேண்டும். நாகையில் நீந்தி வளர்ந்தவருக்கு இது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும். ஆனால் நம் கடல் சூடானது. இங்கே ஏப்ரல் வெயிலில் சட்டையைக் கழற்றத் தோன்றும் நாளிலும் ஏரித் தண்ணீர் பனி உருகிய தண்ணீர்தான். விழுந்தவுடன் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், முதல் மிடறே தண்ணீராகிவிடும். நீச்சல் தெரிந்திருப்பது அந்த முதல் நிமிடத்துக்குப் பயன்படுவதில்லை.

இரண்டு இடங்களில் நம் நாக்கே நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் நதி ஹெர்ரிங் என்னும் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வரும். பாஸ்டனுக்கு வடக்கே மிஸ்டிக் ஏரிகளுக்கு நடுவில் உள்ள அணையில் 2012-இல் அவற்றுக்காகவே, மீன்கள் ஏறிப் போகும்படி நீர் வழியும் படிக்கட்டு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். பருவத்தில் லட்சக்கணக்கில் ஏறுகின்றன. ஒரு சாண் நீளத்தில் வெள்ளியாக மின்னிக்கொண்டு, கையை விட்டு அள்ளலாம் என்பதுபோல நெருக்கியடித்துக்கொண்டு வரும். உல்லத்தின் சொந்தக்காரன் அது. பார்த்தவுடன் நம்மவருக்குப் புளிக்குழம்பு நினைவு வந்துவிடும். 2006 முதல் அதைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் மாநிலத்தில் தடை இருக்கிறது. ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும் குற்றம். பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படியில் ஏறுவதை வேடிக்கை பாருங்கள். ஏறும் மீன்களை எண்ணும் தன்னார்வலர்களோடு சேர்ந்து எண்ணவும் செய்யலாம்.

இரண்டாவது, நண்டு. நீல நண்டின் ஓடு, இரு பக்க முள் நுனிகளுக்கு இடையே ஐந்து அங்குலம் இருக்க வேண்டும், நாளொன்றுக்கு 25 வரை எடுக்கலாம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை எடுக்கக் கூடாது. நம் சந்தையில் சினை நண்டு என்றால் தனி விலை கேட்போம். இங்கே வெளியே சினை தாங்கிய நண்டை உடனே விட்டுவிட வேண்டும். சிங்கி இறாலுக்கும் அப்படியே. சினையைச் சுரண்டிவிட்டு விற்கப் பார்ப்பவர்களைக் கண்டுபிடிக்கக் குளோரின் சோதனைகூட வைத்திருக்கிறார்கள்.

குயின்சிகமண்டில் பிடிக்கும் மீனைப் பிள்ளைகளுக்குச் சமைத்துத் தர வேண்டாம். பாதரசத்தின் காரணமாக 12 வயதுக்குக் குறைந்தவர்களும் கருவுற்ற பெண்களும் இம்மாநில ஏரி, ஆறுகளில் பிடித்த மீன்களைத் தவிர்க்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறது. பண்ணையில் வளர்த்து விடப்படும் ட்ரவுட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏரியில் பிடித்து விட்டுவிடுங்கள். சாப்பிடுவதற்குக் கடலுக்கு வாருங்கள்.

மே நடுவில் கால்வாய்க்கு ஸ்ட்ரைப்டு பாஸ் வந்துவிடும். நானும் இன்னும் இரண்டு குடும்பத்தாரும் சனிக்கிழமை விடியும் முன்பே போய்ப் பாறைகளில் இடம் பிடிப்போம். கடல் அனுமதிச்சீட்டும், ஆணி பதித்த காலணியும், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் எடுத்து வாருங்கள். பாறைகளில் பாசி படிந்திருக்கும். அளவுப் பலகை வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது. 28-க்கும் 31-க்கும் நேரே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். துணி நாடா இப்போது என் மனைவியின் தையல் பெட்டிக்கே திரும்பிவிட்டது.