உப்பைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு என்ன நன்மை?

சிறுநீரகம் என்பது இரத்தத்திலுள்ள கழிவையும் மிகுதியான உப்பையும் நீரையும் பிரித்து வெளியேற்றும் உறுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன; இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன.

உப்பு மிகும்போது உடல் நீரைத் தேக்கிவைப்பதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. குழாயின் வாயில் கட்டிய துணி, தண்ணீர் மிதமாக வரும்வரை தூசியைத் தடுக்கும். குழாயை எப்போதும் முழுவேகத்தில் திறந்துவிட்டால் இழை நைந்து, தடுக்க வேண்டியதையும் விட்டுவிடும். வடிகட்டிகளுக்கு நேர்வதும் அதுவே: இரத்தத்திலேயே நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. வலி இல்லாததால் பலருக்கு இது தெரிவதேயில்லை. ஆகவே சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவையும் சிறுநீர்ப் புரதத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, தயிர்சாதத்துக்கு மோர்மிளகாயும் ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொண்டால் குறைத்தது அனைத்தும் திரும்பி வந்துவிடும். புகைப்பதையும், மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவதையும் நிறுத்துவது இதே அளவுக்கு முக்கியம்.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பிலுள்ள அதே சோடியம் குளோரைடே, மேலும் ‘சோடியம் குறைந்தது’ என விற்கப்படும் உப்புகள் பலவற்றிலுள்ள பொட்டாசியம், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.