எந்த லென்ஸ் வாங்குவது? மதுரை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழிலுக்காகவும் விருப்பத்துக்காகவும் படம் எடுப்பவர்கள் கேட்டவை இவை. ஒவ்வொருவரிடமும் நான் முதலில் அறிய விரும்புவது, படம் எடுக்கும்போது அவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார், அங்கே வெளிச்சம் எப்படியிருக்கும் என்பதைத்தான்.

திருமங்கலத்திலிருந்து: சார், கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சிறியதாக உள்ள) கேமராவையும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸையும் வைத்துக் கல்யாண வேலை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். மண்டபத்துக்குள் எடுக்கும் படங்கள் புள்ளி புள்ளியாக வருகின்றன. கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

லென்ஸை மாற்றுங்கள். உங்கள் கிட் லென்ஸ் 55 மி.மீ.இல், அதாவது முழுக்க ஜூம் செய்த நிலையில், எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும். எஃப்/2.8 லென்ஸ் அதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால், இப்போது ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 6400இல் எடுக்கும் படத்தை 1600இல் எடுக்கலாம். புள்ளிகள் பெருமளவு குறைந்துவிடும். ஆகவே முதலில் 17-50 எஃப்/2.8 வகை ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் இன்னும் அதிக வெளிச்சம் தருமே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் முகூர்த்த நேரத்தில் மணவறைக்கு முன்னால் வீடியோக்காரரும், அட்சதையோடு நெருங்கும் உறவினரும், கைபேசியை உயர்த்திப் பிடித்தவர்களும் சூழ்ந்து நிற்க, ஓரடி பின்னே நகரவும் உங்களுக்கு இடம் இருக்காது. தாலி முடியும் கைகளையும் மறுநொடியே பெண்ணைப் பெற்றவர்களின் முகத்தையும் நின்ற இடத்திலிருந்தே எடுக்க ஜூம்தான் உதவும்.

இரண்டாவது லென்ஸாக 50 மி.மீ. எஃப்/1.8 வாங்குங்கள், விலையும் குறைவு. கிராப் கேமராவில் அது சுமார் 75 மி.மீ. பார்வையைத் தருவதால், மணப்பெண்ணின் அலங்காரப் படங்களுக்கு மிகவும் ஏற்றது. மேடையில் குழுப்படம் எடுக்கும்போது மட்டும் ஜூமின் மிக அகலமான 17 மி.மீ.க்குப் போகாதீர்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடலும் இழுத்தாற்போல் அகன்றுவிடும். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் நிற்பார். மேடையிலிருந்து இறங்கிப் பின்னால் வந்து, 28 அல்லது 35 மி.மீ.இல், எஃப்/5.6 வைத்து எடுங்கள்.

மதுரை நகரிலிருந்து: மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை எப்போது எடுத்தாலும் பின்னால் சாய்ந்தது போலவே வருகிறது. நல்ல வைட் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா, ஐயா?

வைட் லென்ஸ் வாங்கிவிட்டு இதே இடத்தில் நின்று அண்ணாந்தே எடுத்தால் சாய்வு மாறாது. கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி, அதாவது ஏறத்தாழ 52 மீட்டர். கோயிலுக்குள் கேமரா கொண்டுசெல்ல அனுமதியில்லாததால் சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து எடுக்கிறோம். அப்போது சென்சார் கோபுரத்துக்கு இணையாக நில்லாமல் சாய்ந்துவிடுவதால், இயல்பாகவே மேலே குறுகும் கோபுரம் இன்னும் ஒடுங்கித் தெரிகிறது. கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் நெடுவாக்கில் பிடித்து, 60 மீட்டர் தள்ளி நிற்க இடம் கிடைத்தால், ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 20 மி.மீ. லென்ஸும் கிராப்பில் 13 மி.மீ. லென்ஸும் கலசம் வரை அடக்கிவிடும். படத்தின் கீழ்ப்பாதியில் விழும் தெருவை வெட்டிவிடலாம்.

ஆனால் என் விருப்பம் வேறு. மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள விடுதிகளின் மொட்டை மாடியிலிருந்து 70-200 லென்ஸில் கோபுரங்களை எடுத்துப் பாருங்கள். தொலைவும் உயரமும் சேர்ந்து, நிலைகள் ஒவ்வொன்றும் அதனதன் அளவில் நிற்கும். சுதைச் சிற்பங்களின் அழகு அப்போதுதான் முழுமையாகத் தெரியும்.

அலங்காநல்லூரிலிருந்து: ஜல்லிக்கட்டுக்கு 70-200 எஃப்/2.8 அவசியமா, அண்ணே?

அவசியமில்லை. பகல் வெளிச்சத்தில் 1/1000 நொடி ஷட்டருக்கு எஃப்/4 தாராளமாகப் போதும். எஃப்/2.8 லென்ஸ் ஒன்றரைக் கிலோ அளவு கனக்கும். எஃப்/4 அதில் ஏறக்குறைய பாதிதான். வாடிவாசலைப் பார்த்தபடி காலையிலிருந்து கேமராவைத் தூக்கிப் பிடிப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது. களத்துப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். சென்சாரில் தூசி படிந்துவிடும்.

செல்லூரிலிருந்து: அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க, ஸ்டெபிலைசேஷன் உள்ள ஜூம் லென்ஸ் இருந்தால் போதுமா?

ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே அடக்கும். ஆடிவரும் பக்தரின் அசைவை நிறுத்தாது. அதற்கு 1/250 நொடியாவது வேண்டும். விடியலுக்கு முந்தைய வெளிச்சத்தில் அந்த வேகத்தை எட்டுவதற்கு 35 மி.மீ. எஃப்/1.8 போன்ற பிரைம் லென்ஸ்தான் கைகொடுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். தோல்பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சும் பக்தர்களுக்கு நடுவே நிற்கப்போகிறீர்கள். நீர் புகாத வகையில் அடைப்புள்ள லென்ஸ் இல்லையென்றால், மழையுறை போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மேலூரிலிருந்து: அரிட்டாபட்டியில் பறவைகளை எடுக்க 300 மி.மீ. போதுமா?

பாறை முகட்டில் அமரும் வல்லூறுகளுக்கு 300 மி.மீ. குறைவு. 150-600 அல்லது 200-500 வாங்கி, மோனோபாடில் (ஒற்றைக்கால் ஸ்டாண்டில்) வைத்துப் பயன்படுத்துங்கள். காலை ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள். பாறை சூடேறிக் கானல் எழத் தொடங்கிய பின்பு, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் தெளிவான படம் தராது.

சின்னாளப்பட்டியிலிருந்து: சுங்குடிச் சேலையின் முடிச்சு தெரியும்படி எடுத்து விற்பனைக்குப் போட வேண்டும். எதை வாங்க?

மிக அருகில் வைத்து எடுக்க உதவும், 100 மி.மீ. அளவிலான மேக்ரோ லென்ஸ். பணம் குறைவென்றால், இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். துணியும் சென்சாரும் இணையாக இருக்கும்படி வைத்து, ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, எஃப்/8இல் எடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: பழைய லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது, சார்?

முதலில் மௌன்ட், அதாவது லென்ஸைக் கேமராவோடு பொருத்தும் அமைப்பு. நிக்கான் எஃப் மௌன்ட்டின் பழைய, உள்ளே மோட்டார் இல்லாத ஏ.எஃப்-டி லென்ஸ்களை அடாப்டர் வழியாக இசட் வகைக் கேமராவில் மாட்டலாம் என்றாலும், நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அவற்றுக்கு ஆட்டோஃபோகஸ் இயங்காது. அடுத்து, அப்பெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்கண்ணாடியில் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தூசி இரண்டொன்று இருந்தால் படத்தில் தெரியாது, அஞ்ச வேண்டாம். வாங்கியபின், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள்.