அம்மாயி வைத்த புள்ளி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் ஈரோடு வெள்ளோட்டுக்குப் பக்கம். பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வருடமாக வெடி வெடிப்பதில்லை, மத்தாப்போடு சரி. இந்தத் தீபாவளிக்கு மகளை வாசலில் நிற்க வைத்து, கம்பி மத்தாப்பால் காற்றில் ‘அம்மா’ என்று எழுதச் சொல்லி கேமராவில் எடுத்தேன். ஒரே வெள்ளைக் குழப்பம். அதுவும் இடவலம் மாறி விழுந்திருக்கிறது. எங்கேங்க தப்பு? கார்த்திகைக்கு மறுபடி எடுக்க ஆசை.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெளிச்சம் அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 11, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே போகும் நேரம்) 5 விநாடி என்று ஆரம்பியுங்கள். வாசல் பல்பை அணைத்துவிடுங்கள். டார்ச் அடித்து முகத்தில் ஃபோகஸ் செய்து, அப்புறம் ஃபோகஸ் தானாக மாறாதபடி மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்டேண்ட் இல்லையென்றால் முக்காலி மேல் அரிசிப் பையை வைத்து, அதில் கேமராவை அழுத்தி உட்கார வைத்தால் போதும். பட்டனை அமுக்கும்போது ஆடாமலிருக்க 2 விநாடி டைமர்.

மத்தாப்பில் பறக்கும் பொறி இரும்புத் தூள். ஷட்டர் திறந்திருக்கும் வரை ஒவ்வொரு பொறியும் கோடாகப் பதியும். கை ஓடினால் எழுத்து, நின்றால் பூ. சின்னக் குழந்தை மூன்று எழுத்தையும் ஒரே மூச்சில் எழுதினால், இடையில் கையை எடுக்க வழியில்லாமல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஓர் எழுத்து கொடுங்கள். ‘அ’ எழுதுபவர், எழுதுகிறவர்களின் இடது ஓரத்தில் நிற்கட்டும். எல்லோரும் வழக்கம்போல எழுதட்டும். கேமராவைப் பார்த்து நின்று எழுதுவதால்தான் இடவலம் மாறுகிறது; பிறகு படத்தை இடவலமாகத் திருப்பினால் சரியாக வரும். (முந்தானை தோள் மாறிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.)

உண்மையான தொல்லை ‘ம்’ மேலிருக்கும் புள்ளி. 1949-இல் பிக்காசோ சிறு மின்விளக்கால் காற்றில் வரைந்ததைப் புகைப்படக் கலைஞர் க்யோன் மிலி படமெடுத்தார்; குதிரை உடல் மனிதனெல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பிக்காசோவுக்குப் புள்ளி வைக்கும் வேலை இல்லை.

எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) கொடுத்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ‘ம’ எழுதும் பேரனுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் நின்று, அவன் தலைக்கு மேல் மத்தாப்பை ஆடாமல் பிடித்தார். இன்னொரு கையில் அதை மறைத்தபடி சோற்று வட்டில். “இப்போ” என்றதும் வட்டிலை ஒரு விநாடி விலக்கிவிட்டு மறுபடி மறைக்க வேண்டும். முதல் தடவை, “இவ்ளோதானா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே மத்தாப்பைக் கீழே இறக்கிவிட்டார். புள்ளிக்கு வால் முளைத்தது. நாலாவது தடவை சாமந்திப் பூ மாதிரி புள்ளி விழுந்தது. அதற்குப் பக்கத்தில் வட்டிலின் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது, அம்மாயி தெரியவே இல்லை.

ஆள் முகமும் வேண்டுமென்றால், எழுதி முடித்ததும் பக்கவாட்டிலிருந்து ஒரு நொடி டார்ச் அடியுங்கள். வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, எரிந்த கம்பிகளை உடனே அதில் போடுங்கள். இருட்டில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள், அணைந்த கம்பியைத்தான் மிதிப்பார்கள்.