தண்ணீர் ஊற்றினால் இறுகும் சோப்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளிர் குழுவில் பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கிறோம். நுரையும் சுத்தமும் தரும் சோப்பு மூலப்பொருளான 70 சதவீத எஸ்.எல்.இ.எஸ் (சோடியம் லாரில் ஈதர் சல்பேட்) பேஸ்ட்டை வாளியில் போட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினோம். இளகுவதற்குப் பதிலாகத் துடுப்பே திரும்பாத அளவுக்கு இறுகிவிட்டது. சரக்கில் கலப்படமா, எங்கள் உப்புப் போர்த் தண்ணீர்தான் காரணமா?

வாசகி, திருத்துறைப்பூண்டி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் காரணமல்ல; காய்ச்சி வடித்த நீரை ஊற்றியிருந்தாலும் பேஸ்ட் இறுகியிருக்கும்.

சோப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் நீரை விலக்கும். 70 சதவீதப் பேஸ்ட்டில் அவை வால்களை உள்ளே மறைத்த ஈரடுக்குத் தகடுகளாகி, இடையிடையே மெல்லிய நீர்ப்படலத்தோடு, அடுக்கி வைத்த கோரைப்பாய்களைப் போல நிற்கின்றன. ஒரு தகடு மற்றொன்றின்மேல் வழுக்கும் என்பதால் அவ்வளவு செறிவிலும் பேஸ்ட் நகர்கிறது. நீர் கூடும்போது ஒவ்வொரு தலையும் பிடிக்கும் பரப்பு அதிகரிக்கிறது, வாலின் பருமனோ மாறுவதில்லை. எனவே தட்டையாக நிற்க இயலாமல் தகடுகள் வளைந்து, நீண்ட உருளைகளாகி, அறுகோண ஒழுங்கில் நெருங்கி நிற்கின்றன. உருளைகள் தம் நீளவாக்கில் மட்டுமே எளிதாக நழுவும். சோப்பின் செறிவு ஏறத்தாழ 60 முதல் 30 சதவீதம் வரை இருக்கும்போது தோன்றும் இந்தத் திரவப் படிக (திரவமாயினும் படிகம்போல் ஒழுங்கான) நிலையில்தான் உங்கள் துடுப்பு சிக்கிக்கொண்டது. அதற்கும் கீழே போனால் ஒழுங்கு குலைந்து, மைசெல் எனப்படும் சிறு திரள்கள் மிதக்கும் ஓடும் கரைசலாகிவிடும்.

இந்த வடிவக் கணக்கை 1976இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் ஆகிய விஞ்ஞானிகள் ஒரே விகிதத்தில் அடக்கினார்கள்: வாலின் கன அளவைத் தலையின் பரப்பாலும் வாலின் நீளத்தாலும் வகுத்தால், விடை 1/3க்குக் கீழ் உருண்டை, 1/2 வரை உருளை, 1 வரை ஈரடுக்கு. சோப்பு ஆலைக்காரர்கள் இதற்கு வெகு முன்பே, ஓடும் தகடு நிலையை ‘நீட் சோப்’ என்றும் இறுகும் உருளை நிலையை ‘மிடில் சோப்’ என்றும் அழைத்து, பின்னதை அஞ்சி ஒதுக்கி வந்தார்கள்.

ஆகவே வாளியில் முதலில் முழு அளவுத் தண்ணீரை வைத்து, பேஸ்ட்டைச் சிறிது சிறிதாக அதில் இட்டு, நுரை எழாமல் மெல்லக் கலக்குங்கள். இறுகிப்போனதும் வீணல்ல, மீதித் தண்ணீரில் துண்டுகளாக இட்டு ஓரிரவு மூடி வைத்தால் கரைந்துவிடும்.

உங்கள் போர்த் தண்ணீரின் உப்பு வேலை காட்டுவது, லிக்விட்டைக் கெட்டியாக்க உப்பு சேர்க்கும் கடைசிக் கட்டத்தில்தான். உப்பு, தலைகளுக்கிடையே உள்ள மின் விலக்கத்தைத் தணிப்பதால் உருண்டை மைசெல்கள் புழுப் போல நீண்டு பின்னிக்கொள்ள, லிக்விட் கெட்டிப்படுகிறது. அளவு மீறினால் மறுபடியும் நீர்த்துவிடும். ஏற்கெனவே உப்புள்ள நீரில், பிறர் எழுதித் தந்த உப்பளவை அப்படியே போடாதீர்கள். ஒரு லிட்டர் மாதிரியில் உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்த பிறகு, முழு வாளிக்கான அளவை முடிவு செய்யுங்கள்.